ஓசன்னாவின் வலது கை

ஓசன்னா வாயாடி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் சண்டை போடாமல் தலையாட்டிய அந்த ஒரே ஒரு இடம் எத்தனை பெரிய விபரீதம் என்று யாருக்கும் புரியாது. எங்கள் ஊர் ஓரத்துச் சோன் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போனால் அக்கரைப் பெண்களோடும் சேர்த்து வாய்ச்சண்டை போட்டுவிட்டுத்தான் திரும்புவாள். மடத்துச் சாமியார்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்று தசமபாகத் திராட்சை எடுக்க வந்தால், "கூடையை மட்டும் எதுக்கு விட்டுட்டுப் போறீங்க சாமி? அதையும் தூக்கிக்குங்க, அடுப்பெரிக்க ஆகும்" என்பாள். அவர்களும் சிரித்தபடி எடுத்துக்கொண்டு போவார்கள்.

அவள் புருஷன் லாந்த்ரி அதற்கு நேர்மாறு. நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும், அதுவும் பாதி. மேட்டுச் சரிவில், மடத்துத் தோட்டங்களுக்கு நட்டநடுவே, அவனுக்கு ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் இருந்தது. அப்பன் வழிச் சொத்து. நல்ல தெற்கு வெயில் விழும் இடம். மடத்து அதிபர் வோல்மார் சாமிக்கு அதன்மேல் ஒரு கண் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. எல்லாம் தொட்டிலோடு போய்விட்டன. அதனால் இவளுக்கு அவன், அவனுக்கு இவள் என்று ஆகிப்போனது. அவள் திட்டத் திட்ட அவன் கேட்டுக்கொண்டிருப்பான். வெளியார் பார்த்தால் பாவம் என்பார்கள். அவனுக்கு அது பாட்டுக் கேட்பது மாதிரி.

அரசர் சிலுவைப்போருக்குக் கிளம்பிய வருஷம், குளிர் இன்னும் விடாத நாட்களில், லாந்த்ரிக்கு ஜுரம் கண்டது. தொட்டால் கை சுட்டது. பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். கண்ணில், காதில், கையில், பாதத்தில் எல்லாம் எண்ணெய் பூசி முடித்ததும் லாந்த்ரி வாயைத் திறந்து ஒரே ஒரு ஆசை சொன்னான்.

"அங்கி போட்டுச் சாகணும்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். சாகிற நேரத்தில் துறவி அங்கி போட்டுக்கொண்டால் துறவியாகவே சாகலாம். அப்படிச் செத்தவனைத் தேடிப் பிசாசு வந்தாலும் வாசலோடு நின்றுவிடும். பிரபுக்கள் கிராமத்தை எழுதிக் கொடுப்பார்கள். நம்மைப் போன்றவர்கள் இருப்பதைக் கொடுப்பார்கள். லாந்த்ரி தன் தோட்டத்தைக் கொடுத்தான்.

மடத்திலிருந்து ஓதோ சாமி வந்தார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற கிழவர், பூஞ்சை உடம்பு. மற்ற சாமியார்கள் வெளியே அவனைத் தூக்கிப்போகக் கட்டிலைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓதோ ஓசன்னாவின் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"கல்யாணமானவன் துறவியாகணும்னா பொண்டாட்டி சம்மதிக்கணும்மா. அப்புறம் அவன் உனக்கு இல்ல. நீயும் வேற ஆளைத் தேடக் கூடாது. சரியா?"

அவள் கையில் ஈரத்துணி. அவன் நெற்றியில் போடுவதா, தன் கண்ணைத் துடைப்பதா என்று தெரியாமல் நின்றிருந்தாள். சாகப்போகிறவனிடம் இல்லை என்று சொல்ல எந்தப் பொண்டாட்டிக்கு மனசு வரும்?

"சரி சாமி" என்று தலையாட்டினாள். அவ்வளவுதான் நடந்தது.

மலைமேல் மடத்துக்குக் கொண்டுபோனதும் உச்சியை மழித்து, கறுப்பு அங்கி மாட்டி, நோயாளிக் கூடத்துத் தரையில் சாம்பலைச் சிலுவையாகத் தூவி, அதன்மேல் கோணித்துணி விரித்து அவனைக் கிடத்தினார்கள். ஒருவர் சாகிறார் என்று அறிவிக்கும் மரப்பலகையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டால் சாமியார்கள் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். மற்ற நேரத்தில் ஓடவே கூடாது என்று அவர்களுக்குச் சட்டம். விசுவாசப் பிரமாணத்தை உரக்கச் சொல்லிக்கொண்டு அவர்கள் ஓடுவதை மடத்து வாசலுக்கு வெளியே நின்று ஓசன்னா கேட்டாள். பெண்கள் வாசலைத் தாண்டக் கூடாது. அந்தச் சத்தம் அடங்கியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து, தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

லாந்த்ரி சாகவில்லை. பொழுது சாயும் வரை சாம்பலில் கிடந்தான். சாயங்காலம் தண்ணீர் கேட்டான். மறுநாள் அவரைக்காய்க் கூழ் கேட்டான்.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. சாம்பலில் படுத்தவன் எழுந்தால் சாம்பல் வெறுங்கையோடு போகாது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பயம். சொன்னபடியே அந்த வாரமே ஓதோ சாமிக்கு இருமல் வந்து, அதே கூடத்தில், அதே இடத்தில் அவரைக் கிடத்தினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. "ஒருத்தன் எழுந்தான், ஒருத்தர் போனார்" என்று சொல்லிவிட்டு ஜனங்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு எல்வீஸ் சாவு உள்ளே வராமலிருக்கத் தன் வாசலில் உப்பைத் தூவினாள். ஓசன்னாவுக்கு உயிர்த்தோழி அவள். அவளே தூவினாள் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

ஓசன்னாவுக்கு உப்பும் தெரியவில்லை, சாம்பலும் தெரியவில்லை. புருஷன் பிழைத்துவிட்டான் என்பது ஒன்றுதான் தெரிந்தது. கோழி அடித்து வைத்துவிட்டு மடத்து வாசலுக்கு ஓடினாள். வாசல் காக்கும் உம்பெர் சாமி சின்னச் சாளரத்தைத் திறந்தார்.

"அனுப்புங்க சாமி."

"யாரைம்மா?"

"என் புருஷனை."

"உன் புருஷன் செத்துட்டாரும்மா. உள்ள இருக்கிறவர் சகோதரர் லாந்த்ரி."

"செத்தவன் ரெண்டு கிண்ணம் கூழு குடிச்சான்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

உம்பெருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷர், ஆனால் சிரிக்கக் கூடாத இடத்தில் இருந்தவர். சாளரத்தைச் சாத்திக்கொண்டார்.

அதிபர் வோல்மார் சாமி அவளை வாசலில் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அதுதான் எல்லோருக்கும் உதறல்.

"நீ சம்மதிச்சேம்மா. ஓதோ என்கிட்ட சொன்னார்."

"செத்தவர் சொன்னதுக்கு யாரு சாமி சாட்சி?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? சரி என்று தான் சொன்னதைக் கேட்டவர் ஒருவர்தான். அவர் மண்ணுக்குள் போய்விட்டார். அப்படியானால் தான் சொல்லவேயில்லை என்று சொல்லலாமே! வீடு வந்து சேர்வதற்குள் அந்த எண்ணம் அவளைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டது. பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்கு அப்பால் லாந்த்ரி நின்றுகொண்டிருந்தான்.

பாஸ்கா பண்டிகை முடிந்து திருச்சபை ஆயரின் ஆள் விசாரணைக்கு வந்தார். சட்டம் தெளிவாக இருந்தது. மனைவி சம்மதிக்கவில்லை என்றால் அங்கி செல்லாது, புருஷன் வீட்டுக்கு வரலாம், தோட்டமும் திரும்பும். சாட்சி இல்லாததால் அவள் சத்தியம் செய்ய வேண்டும். எங்கள் புனிதர் மார்சோலின் கை எலும்பு மடத்தில் வெள்ளிப் பேழையில் இருக்கிறது. அதன்மேல் வலது கையை வைத்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் கையைப் பற்றித் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. மாவரைக்கும் ஆலைக்காரன் ஒருவன் முன்னே எல்லைத் தகராறில் அதன்மேல் பொய்ச் சத்தியம் செய்தான். விரலில் தொடங்கி முழங்கை, தோள் என்று அழுகி, கடைசியில் நாற்றம் தாங்காமல் பெண்டாட்டியே அவனைக் கொட்டிலில் போட்டாள். அந்தப் பெண்டாட்டி எல்வீஸின் அத்தை.

"வேணாம்டி" என்றாள் எல்வீஸ். "புருஷன் போனா போகட்டும். கை போனா எப்படிடி பொழைப்பே?"

"கை இருந்து யாருக்குக் கூழ் ஊத்தப்போறேன்?" என்றாள் ஓசன்னா.

பேழையையும் லாந்த்ரியையும் மடத்திலிருந்து ஊர்க் கோயிலுக்கு இறக்கிக் கொண்டுவந்தார்கள். கோயில் நிறைய ஜனம். ஓசன்னா பேழையின்மேல் கையை வைத்தாள். வெள்ளி சில்லென்று இருந்தது. "நான் சம்மதிக்கல" என்றாள். ஒரு மூச்சு. எல்லோருடைய கண்ணும் அவள் விரல்களில்தான். ஒன்றும் நடக்கவில்லை. அவள் கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது அதிபர் அவள் பக்கத்தில் வந்து, நலம் விசாரிப்பவரைப்போலச் சொன்னார்:

"புனிதர் அவசரப்பட மாட்டார்ம்மா."

லாந்த்ரி வந்தான். மழித்த உச்சியில் முடி அரும்பியிருந்தது. பழைய சட்டை தோளில் தொங்கியது, அத்தனை இளைத்திருந்தான். வழி நெடுக அவள்தான் பேசினாள். எதிரே வந்தவர்கள் பாதையை விட்டு இறங்கி நின்றார்கள். அவனைக் கும்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. அவன் கடந்துபோகும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

வீட்டில் உட்கார்ந்ததும் இரண்டு கைக் கட்டைவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து வட்டம் காட்டினான். அவள் விழித்தாள். மடத்தில் சாப்பாட்டு நேரத்தில் பேசக் கூடாது. ரொட்டி வேண்டுமென்றால் அப்படித்தான் காட்ட வேண்டும்.

"ஏன்யா, வாய் வெந்துபோச்சா? இது மடம் இல்ல, உன் வீடு. ரொட்டின்னு சொல்லு."

"ரொட்டி" என்றான்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆனால் வந்தவன் முழுசாக வரவில்லை. அவஸ்தைப் பூசுதல் வாங்கியவன் பிழைத்தால் செத்தவன் கணக்கில்தான் வாழ வேண்டும் என்று எங்கள் ஜனங்களுக்கு ஒரு பிடிவாதம். எண்ணெய் பூசிய பாதம் வெறும் மண்ணை மிதித்தால் அந்த மண் விளையாதாம். பெண்டாட்டியைத் தொடக் கூடாதாம், இறைச்சி தின்னக் கூடாதாம். பங்குச் சாமியாரே அப்படியெல்லாம் இல்லை என்று தலையில் அடித்துக்கொள்வார். யார் கேட்கிறார்கள்? லாந்த்ரி தூங்கும்போதுகூடச் செருப்பைக் கழற்றவில்லை. அடுப்போரமாகத் தனியே படுத்தான். ஓசன்னா திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். "எழுந்து வந்தவன் இப்படித்தான் கொஞ்ச நாள் மிரண்டு கிடப்பான், சரியாயிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆலங்கட்டி மழை அடித்துப் பாதித் தோட்டங்கள் நாசமான ஒரு நாளில், வாசலில் உட்கார்ந்து உடைந்த கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல் சொன்னான்.

"அன்னைக்கு என் காது நல்லாத்தான் இருந்துச்சு."

"என்னைக்கு?"

"ஓதோ சாமி கேட்டாரு. நீ சரின்னு சொன்னே."

அவள் கையிலிருந்த கொடிக்கட்டு நழுவியது.

"தெரிஞ்சும் ஏன்யா கோயில்ல பேசாம நின்னே?"

"எனக்கும் வீட்டுக்கு வரணும்னு இருந்துச்சு ஓசன்னா." அவன் இப்போது நிமிர்ந்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வலது கையைப் பார்த்தான். "நான் வாயைத் திறந்திருந்தா உன் கை தப்பிச்சிருக்கும். என் ஆசைக்கு உன்னைப் பலி குடுத்துட்டேன்."

"பலியாவது கிலியாவது! இதோ பாரு, அஞ்சு விரலும் இருக்கு." முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள்.

அன்றிலிருந்து அவன் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. அவள் மாவு பிசைந்தால் பார்ப்பான். அவள் சொறிந்துகொண்டால் எழுந்து வந்து பார்ப்பான். காலையில் அவள் விழிக்கும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான். அவளுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. யாரும் இல்லாதபோது கையை மோந்து பார்த்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் மோந்தாள், ஆற்றில் கழுவிவிட்டு மோந்தாள். இந்த வாயாடி அதை யாரிடமும் சொல்லவில்லை.

திராட்சை அறுப்பு வந்தது. லாந்த்ரி செருப்பைக் கழற்றித் தொட்டிக்குள் இறங்கி மிதிக்க மாட்டேன் என்றான். அவளே இறங்கி மிதித்தாள், அவளே கொடியில் அறுத்தாள். இரண்டு ஆள் வேலை. அவசரத்தில் அறுப்புக் கத்தி உள்ளங்கையைக் கீறியது. வலது கை. அற்பக் கீறல், சாற்றில் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

சில நாளில் கை வீங்கியது. உள்ளங்கை கருநீலமாகி, மணிக்கட்டுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு ஏறியது. ஜுரத்தில் பிதற்றினாள். லாந்த்ரி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்தான். அது முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"ஆரம்பிச்சுட்டாரு" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

எல்வீஸ் காலையில் ஊசியைக் காய்ச்சிச் சீழை எடுத்துவிட்டு, சுட்ட வெங்காயத்தையும் ரொட்டியையும் மசித்துப் பத்துப் போட்டாள். அவள் கை கழுவப் போன நேரத்தில் லாந்த்ரி குனிந்து மனைவியின் வீங்கிய கையில் முத்தம் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான். தோட்டத்துக்குப் போகிறான் என்று எல்வீஸ் நினைத்தாள். மத்தியானம் ஓசன்னா ஜுரம் விட்டுக் கண் விழித்தபோது அவன் மடத்துக்குள் இருந்தான்.

புனிதரின் பேழைக்கு முன்னால் விழுந்து அவன் ஒரு பேரம் பேசியிருந்தான். அவளை விட்டுவிடு, நான் திரும்பி வந்துவிட்டேன், இனி அவள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க மாட்டேன் என்று. கை வீக்கம் அன்றிலிருந்தே வற்றத் தொடங்கியது. வெங்காயப் பத்துதான் காரணம் என்று எல்வீஸ் சத்தியம் செய்வாள். ஆனால் லாந்த்ரியின் கணக்கு வேறு.

கை ஆறியதும் ஓசன்னா மேலே போனாள். அதிபர் கையை விரித்தார்.

"நான் அவனுக்கு அங்கி தரலம்மா. சட்டப்படி அவன் உன் புருஷன். கொட்டில்ல படுத்துக்கிறான், மாட்டுக்கு வைக்கோல் போடுறான், கோயில் கூட்டுறான். கதவு திறந்துதான் இருக்கு. கூப்பிடு, வந்தா கூட்டிட்டுப் போ."

அவள் கூப்பிட்டாள். மலை அதிரக் கூப்பிட்டாள். தூரத்தில், கொட்டில் வாசலில், வைக்கோல் கவையோடு நின்றவன் அவள் குரல் கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்படியே உள்ளே போய்விட்டான்.

சாமியார்கள் பிடித்து வைத்திருந்தால் அவள் ஒரு கை பார்த்திருப்பாள். பிடித்து வைத்திருப்பவன் அவனே என்றால் என்ன செய்வாள்?

"கை நல்லாயிடுச்சுன்னு சொல்லுங்க சாமி" என்று உம்பெரிடம் கெஞ்சினாள். "வெறும் கத்திக் கீறல்னு சொல்லுங்க."

"சொன்னேம்மா. அழுதுட்டாரு. சந்தோஷத்துல. புனிதர் வாக்கைக் காப்பாத்திட்டார்னு தரையைத் தொட்டு முத்தம் பண்ணாரு."

அவள் விடவில்லை. விறகு சுமந்துகொண்டு போய் நின்றாள். திராட்சை மதுப் பீப்பாயைத் தனியாக உருட்டிக்கொண்டு போனாள். இதோ பார், நான் குதிரை மாதிரி இருக்கிறேன், என்னை ஒரு புனிதரும் தொடவில்லை என்று காட்டத்தான். ஒவ்வொரு முறையும் உம்பெர் உள்ளே போய்ச் சொல்வார், ஒவ்வொரு முறையும் லாந்த்ரி இன்னும் உறுதியாவான். அவள் நன்றாக இருக்க இருக்க, பேரம் பலித்துவிட்டது என்று அவனுக்கு நிச்சயமாகிக்கொண்டே போனது. இது அவளுக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. புரிந்த அன்று பாதி வழியிலேயே விறகைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தன் உடம்பின்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

அங்கேதான் அந்த யோசனையும் வந்தது. நன்றாக இருப்பதால்தானே அவன் உள்ளே இருக்கிறான்? பேரம் முறிந்துவிட்டது என்று தெரிந்தால் உள்ளே இருப்பதில் என்ன அர்த்தம்? கடைசி முகமாவது பார்க்க ஓடி வர மாட்டானா? வாசலைத் தாண்டி வந்துவிட்டால் போதும், சட்டையைப் பிடித்துக்கொள்வேன், விட மாட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஓசன்னா படுத்தாள். வலது கையை மரக்கட்டை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு, "எல்வீஸு, கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுடி" என்றாள். சாப்பிட மறுத்தாள். நடிப்பு என்று எல்வீஸிடம்கூடச் சொல்லவில்லை. எல்வீஸுக்குப் பொய் சொல்ல வராது, முகத்தில் எழுதி ஒட்டிவிடும். எல்வீஸ் அலறியடித்துக்கொண்டு மேலே ஓடினாள்.

அவன் வரவில்லை. "சாப்பாட்டை நிறுத்திட்டாராம்டி" என்று எல்வீஸ் திரும்பி வந்து சொன்னாள். "யார்கிட்டயும் பேச்சில்லையாம்."

ஓசன்னாவுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். சாப்பிடவில்லை என்றால் மனசு ஆடுகிறது. பேசவில்லை என்றால் வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான். அவனை எனக்குத் தெரியாதா? இன்னும் ரெண்டு நாள், வந்துவிடுவான். அவள் பிடிவாதமாகக் கிடந்தாள். பசி வயிற்றைப் பிறாண்டியது. எழுந்துவிடலாமா என்று தோன்றும்போதெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு மறுபடி படுத்தாள்.

அங்கே அவன் செய்துகொண்டிருந்தது வேறு. மடத்து மீன்குளத்தின் ஓரத்தில் பனிக்கட்டியை உடைத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் கழுத்தளவு நின்று பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே ஜெபம் அதுதான். முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னது புனிதருக்குப் போதவில்லை, இன்னும் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டான். இழுத்து இழுத்துக் கொண்டுவந்தார்கள், திரும்பத் திரும்பப் போய் நின்றான். நெஞ்சில் சளி கட்டி விழுந்தபோது, "என்னை எடுத்துக்கட்டும், அவளை விட்டுடட்டும்" என்றான். சாகக் கிடக்கிறவளிடம் சம்மதம் கேட்க முடியாது என்று அதிபரே அவனுக்கு அங்கியைப் போட்டுவிட்டார்.

இது எதுவும் அவளுக்குத் தெரியாது. பசி தாங்காமல் அன்று காலை எழுந்துவிட்டாள். போதும் இந்தக் கூத்து, நானே மேலே போய் உண்மையைச் சொல்லி அவன் காலில் விழுகிறேன் என்று முடிவு செய்து, அடுப்பை ஊதி, பழைய கூழைச் சூடாக்கி, நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. உம்பெர் சாமி. பனியில் நனைந்து, மூச்சு வாங்க நின்றார். அவளைப் பார்த்தார். அவள் கிண்ணத்தைப் பிடித்திருந்த வலது கையைப் பார்த்தார். அப்படியே முழங்காலில் விழுந்துவிட்டார்.

"எழுந்துட்டியாம்மா... எப்ப எழுந்தே?"

"இப்பத்தான். ஏன் சாமி?"

"இப்பத்தான்..." அவருக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. "இப்பத்தாம்மா அவர் போனாரு. பொழுது விடியும்போது. புனிதர் அவரை எடுத்துக்கிட்டு உன்னை விட்டுட்டாரு. ஆண்டவரே! அவரை எடுத்துக்கிட்டு உன்னை விட்டுட்டாரு!"

கிண்ணம் கீழே விழுந்தது. அவள் அவருடைய அங்கியைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் நடிச்சேன்யா! எனக்கு ஒண்ணுமே இல்ல! அவன் வரணும்னு நடிச்சேன்! கேக்குதா?"

உம்பெருக்குக் காதில் ஏறவில்லை. அவர் எழுந்து, கையை விரித்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் சொல்ல ஓடினார். வாழ்நாளில் முதல்முறையாகத் தெருவில் ஓடினார்.

அவள் மலையேறுவதற்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. ஜனங்கள் வீட்டைவிட்டு வந்தார்கள். அவனைக் கண்டால் பாதையை விட்டு இறங்கி நின்ற அதே ஜனங்கள். வழி நெடுக அவள் கையைத் தொட்டார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வெங்காயப் பத்துப் போட்ட எல்வீஸே அந்தக் கையைப் பிடித்துத் தன் வலிக்கிற முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"எல்வீஸு, நீயாவது கேளுடி. நான் படுத்தது பொய்யிடி."

"உனக்கு மனசு தாங்கல, எதையோ பேசுறே" என்றாள் எல்வீஸ், அழுதபடி. "நான் தானே பார்த்தேன் உன் கையை. கட்டையா கிடந்துச்சு."

மடத்து வாசல் அவளுக்காகத் திறந்தது. இதற்குமுன் எந்தப் பெண்ணுக்கும் திறந்ததில்லை. கோயிலின் நடுவில், கறுப்பு அங்கியில், முக்காடு போட்டு அவனைக் கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. குளத்து நீரில் ஊறி உதடு வெளுத்திருந்தது. பார்க்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட முகம். ஒரு வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் அவள் அதைக் கிட்டத்தில் பார்த்தாள்.

அதிபர் வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சத்தியத்தில் பொய் சொன்னதையும் சொன்னாள், படுக்கையில் பொய்யாகப் படுத்ததையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கோபமே இல்லை.

"முதல் பொய்யை ஊர்க் கோயில்ல எல்லாரும் நம்பினாங்க" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "இப்ப நீ சொல்ற உண்மையை யாரும் நம்ப மாட்டாங்கம்மா. எனக்காகவும் இல்ல, மடத்துக்காகவும் இல்ல. அவங்களுக்கு இது வேணும். பாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். நொண்டிகளையும் கண் தெரியாதவர்களையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

அதிபர் அவள் வலது கையைப் பிடித்து எல்லோரும் பார்க்க உயரத் தூக்கினார். கோயில் முழுக்க ஜெபச் சத்தம் எழும்பியது. ஓசன்னா புருஷனின் முகத்தை ஒரே ஒரு தடவை தொட வேண்டும் என்று கையை இழுத்தாள். அவர் விடவில்லை.

"கொஞ்சம் இரும்மா" என்றார். "பின்னாடி இருக்கிறவங்க இன்னும் பார்க்கல."